துண்டுக்கு அடியில் ஒரு விரல்

தாங்கி நடக்கிற மாட்டை நல்ல மாடாக நிறுத்திக் காட்டுவதற்குச் செல்லமுத்துவிடம் பல வழிகள் இருந்தன. சந்தை மைதானத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது தன் வீட்டு அடுப்படியைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். கால் கோளாறுள்ள மாட்டின் முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டால் குறை பாதி மறைந்துபோகும். மூக்கணாங்கயிற்றை மூக்கை ஒட்டிப் பிடித்தால், மாடு தன் பாரத்தை ஆள்மேல் சாய்த்துக்கொண்டு மணமேடை மாப்பிள்ளை மாதிரி நிற்கும். 'நடத்திக் காட்டு' என்று யாராவது விவரமானவன் கேட்டால், கயிற்றையும் விடாமல் பேச்சையும் விடாமல் கூட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். மாட்டைப் பார்க்க வந்தவன் தரகனின் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

இதில் பொய் ஒன்றும் கிடையாது என்பது அவன் கட்சி. "மாடு நிக்குதா இல்லியா? நிக்குது. ஓடும்னு நான் எங்கயாச்சும் சொன்னனா?" என்பான்.

விலை பேசுவது மட்டும் வாயால் இல்லை. தோளில் கிடக்கும் பச்சைக்கரைத் துண்டை எடுத்து, வாங்குகிறவன் கைமேலும் தன் கைமேலும் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்தும் அழுத்தியும்தான் பேச வேண்டும். வெளியே வாய் மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழுவைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

இப்படிப்பட்டவனுக்கு நிற்கத் தெரியாத பெண் பிறந்தாள் என்று சந்தையில் யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களை அவனுக்குத் தெரியும். அவர்களோடு துண்டு போடும்போது விரலைக் கொஞ்சம் நெரித்தே பிடித்தான்.

மஞ்சுவுக்கு வயது பன்னிரண்டு. பேச்சு கைவிரலுக்குள் அடங்கும். அப்பா, சோறு, வேணாம், அப்புறம் 'மே'. மே என்றால் ஆடு, மாடு, கோழி, ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போகும் மீன் வண்டி எல்லாம். புத்தி சின்னப் பிள்ளைக்கு உள்ளதுதான் என்று பெரம்பலூரில் டாக்டர் சொல்லியிருந்தார். அது பெற்றவர்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது அவள் விழுவதுதான். அவள் விழுவதற்குக் கல்லோ குழியோ வேண்டியதில்லை. நின்றுகொண்டே இருப்பாள், காக்கா பறந்தால் நிமிர்ந்து பார்ப்பாள், சாய்ந்த மூட்டை மாதிரி சரிந்துவிடுவாள்.

செட்டிகுளத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பெண்களுக்கு வெங்காய வேலைதான். பட்டத்துக்குப் பட்டம் நடவு, களை, பிடுங்கு, தாள் அறுப்பு. செல்லமுத்துவின் மனைவி பொன்னாயியும் போனாள், மஞ்சுவையும் கூட்டிக்கொண்டு. சின்ன வயதில் இடுப்பில். இடுப்பு கொள்ளாமல் போன பிறகு தோளில் சாய்த்து. வெங்காயக் காட்டில் வேப்பமர நிழலில் உட்காரவைத்து, தன் பழைய சேலையைக் கிழித்து ஒரு நுனியைப் பிள்ளையின் மணிக்கட்டிலும் இன்னொரு நுனியைத் தன் இடுப்பிலும் முடிந்துகொள்வாள். தாள் அறுத்துக்கொண்டிருக்கும்போதே சில நேரம் முடிச்சு இழுக்கும். இழுத்தால் பிள்ளை எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

பொன்னாயி வலிக்கிறது என்று சொல்கிறவள் இல்லை. ஆனால் இந்த வருஷம் குனிந்து சோற்றுப் பானையை இறக்கியவள் நிமிர முடியாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் செல்லமுத்து பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"என்னாடி?"

"ஒண்ணுமில்ல. சோத்தப் போட்டுக்கிட்டுத் தின்னு."

பெரம்பலூர் டவுனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பகல் பள்ளி இருந்தது. காலையில் வேன் வந்து கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும். மதியச் சோறும் அங்கேயே. ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை யார் கையையும் பிடிக்காமல் நடந்து, தானாக வேனில் ஏற வேண்டும். வேனில் ஒரே ஒரு ஆயா. இத்தனை பிள்ளைகளை அவளால் தூக்க முடியாது.

அதற்காகத்தான் தை மாதத்திலிருந்து வட்டார வள மையத்துக்குப் போய்வந்தார்கள். அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அறை. சுவரில் கைப்பிடிக் கம்பி, தரையில் பஞ்சு மெத்தை, ஒரு பெரிய ரப்பர் பந்து. ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருகிற முத்தமிழ் என்கிற பெண்தான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு இந்த ஊர் என்றால் நாளைக்கு வேறு ஊர். அவள் முகத்தில் எப்போதும் பஸ் தூசி இருந்தது.

சாக்பீசால் தரையில் நீளமாகக் கோடு கிழிப்பாள். ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் இன்னொரு காலின் விரல் படுகிற மாதிரி பிள்ளை கோட்டின்மேல் நடக்க வேண்டும். அப்புறம் பஞ்சு மெத்தையில் நிற்க வேண்டும். அப்புறம் ஒற்றைக் கால். ஒற்றைக் காலில் நிற்கிறபோதே பந்தைப் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும்.

"எனக்கே முடியாதுபோலருக்கே மேடம்," என்றான் செல்லமுத்து முதல் நாள்.

"நின்னு பாருங்க அண்ணே."

நின்றான். காற்றில் ஆடுகிற முருங்கை மாதிரி ஆடி, பொன்னாயி தோளைப் பிடித்துக்கொண்டான். மஞ்சு கைகொட்டிச் சிரித்தாள். "மே," என்றாள்.

"பாத்தீங்களா? இவளுக்குக் கால்ல பலமில்லாம இல்ல. உடம்பு சாயறப்ப நிமுத்துக்கணும்னு தோணறது மெதுவா வருது. நமக்கு உடனே வந்துடும். இவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வரும். தெனம் செய்யணும். விழுவா, விழட்டும். நீங்க கீழ மெத்தையப் போடுங்க, கையக் குடுக்காதீங்க."

"புள்ள விழறத எப்புடிங்க பாத்துக்கிட்டு நிக்கறது?"

"நீங்க புடிச்சீங்கன்னா அது உங்க பேலன்ஸுண்ணே. அவளோடது இல்ல."

அவன் தலையை ஆட்டினான். சந்தையில் தலையாட்டுவதற்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம் கிடையாது.

வீட்டில் பயிற்சி அவன் பொறுப்பு. பொன்னாயி காட்டிலிருந்து வந்து அடுப்பு மூட்டுகிற நேரத்தில், வெங்காயம் கொட்டிவைக்கிற மூங்கில் பட்டறைக்குப் பக்கத்தில் கரித்துண்டால் கோடு கிழித்து மஞ்சுவை நிறுத்துவான். பழைய சாக்குக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்த மெத்தை. மஞ்சு ஒரு எட்டு வைப்பாள். ஆடுவாள். விழுவாள். எழுப்புவான். மறுபடி ஒரு எட்டு. மாசி போய்ப் பங்குனி வந்தது. செட்டிகுளத்து மலையில் தேரோட்டமும் முடிந்தது. மஞ்சுவின் முழங்காலில் காய்ந்த புண்மேல் புதுப்புண்.

ஒரு சாயங்காலம் அலுத்துப்போய்த் தோள்துண்டைக் கையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். மஞ்சு தடுமாறினாள். தடுமாறியவள் துண்டுக்கு அடியில் கையை விட்டு அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். பாரமே இல்லை. ஈ உட்கார்ந்த மாதிரி. ஆனால் மஞ்சு நின்றாள். ஆடவே இல்லை.

தரகனுக்கு விரல் பேசாமல் இருக்குமா? அவன் ஒரு அழுத்து அழுத்தினான். வலது காலை எடுத்து வைத்தாள். இரண்டு அழுத்து அழுத்தினான். இடது கால். கோட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பொன்னாயி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அப்பன் கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா கூட நடக்கிறான், மகள் நேராக நடந்து வருகிறாள்.

"யாத்தே, மாமா! நடக்கறாய்யா!"

அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, துண்டுக்குள் இருக்கிற விரலைப் பற்றிச் சொல்ல செல்லமுத்துவுக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். அப்புறம் என்பது அவன் தொழிலில் ரொம்ப நீளமான வார்த்தை.

சித்திரை வெயிலில் டவுன் பள்ளியிலிருந்து பாக்யலட்சுமி டீச்சர் வள மையத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். முத்தமிழ் அந்த நேரம் ஒரு மூலையில், கத்தி அழுதுகொண்டிருந்த வேறொரு பையனை மடியில் போட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். மஞ்சுவின் முறை வந்தது. செல்லமுத்து முன்கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கூடவே நடந்தான்.

"துண்டப் புடிச்சிருக்காளே?" என்றார் டீச்சர்.

"துணியில என்னங்க டீச்சர் பலம் இருக்கு? ஒரு தெகிரியத்துக்குங்க. கொழந்தைங்க பொம்மைய வெச்சுக்கறதில்லியா, அந்த மாதிரி. வேணும்னா துண்டையும் பைக்குள்ள வெச்சு அனுப்பிவுட்டுடறேன். ஆமா, டீச்சருக்கு எந்த ஊருங்க? வாலிகண்டபுரமா? அங்க கோயிலுக்கு எதுத்தாப்புல ஒரு கறவ மாடு நான்தான் முடிச்சுக் குடுத்தேன்..."

டீச்சர் அவன் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளே விரல் ஒன்று அழுத்தியது, இரண்டு அழுத்தியது. மஞ்சு கோட்டில் நடந்தாள். மரப்பெட்டிமேல் ஏறி இறங்கினாள். கடைசியில் அப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். பேச்சு முடிந்தது.

ஆனி பிறந்ததும் வேன் வந்தது. டிரைவர் இளவரசன் ஆரன் அடித்தால் தெருவே எட்டிப் பார்க்கும். வேன் வரைக்கும் செல்லமுத்துவே கூட நடந்து, படி ஏறும்போதும் முன்கையை நீட்டிக்கொண்டு நின்றான். பையில் சோற்றுத் தட்டு, மாற்றுப் பாவாடை, பச்சைக்கரைத் துண்டு ஒன்று.

முதல் நாள் பொன்னாயி காட்டில் வேலை செய்துகொண்டே இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். முடிச்சு இல்லை. கூட இருந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் சாவகாசமாகத் தலைக்குக் குளித்தாள். குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி இருந்தது.

"என்னா மொறச்சுப் பாக்கற?" என்றாள்.

"மாடு பாத்துப் பாத்துக் கண்ணு கெட்டுப்போச்சு. அதான் நல்லதையும் கொஞ்சம் பாக்கறேன்."

"போய்யா," என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு சினை எருமைக்குத் துண்டு போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. துண்டுக்குள் ஒரு கையும் காதில் ஒரு கையுமாக எடுத்தான். இளவரசன்.

"அண்ணே, பயப்படாதீங்க. மஞ்சு ஸ்கூல் படிக்கட்டுல விழுந்துடுச்சு. தாடையில தையல் போட்டிருக்கு. டீச்சரும் ஆயாவும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. நீங்க வாங்க."

துண்டுக்குள் எதிராளியின் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. அவன் கையை உருவிக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் மஞ்சு உட்கார்ந்திருந்தாள். தாடையில் வெள்ளைக் கட்டு, பாவாடையில் ரத்தம், மடியில் பச்சைக்கரைத் துண்டு. அவனைப் பார்த்ததும் அழவில்லை. துண்டைத் தூக்கிக் காட்டினாள். தூக்கி, அடியில் குனிந்து பார்த்தாள்.

பாக்யலட்சுமி டீச்சர் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"முத நாள்லேருந்தே ஆயா புடிச்சாத்தான் நடந்தா. புது எடம், பழகிடும்னு நெனச்சோம். இன்னிக்குத் துண்டக் கையில போத்திக்கிட்டு, எதையோ தேடற மாதிரி உள்ளயே பாத்துக்கிட்டு நின்னா. அப்புடியே சரிஞ்சுட்டா. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. கட்டுப் பிரிக்கட்டும். எடத்த ஆவணி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்குள்ள நடக்கலன்னா காத்திருக்கற வேற புள்ளைக்குக் குடுத்தாகணும்."

அவனுக்குப் புரிந்தது. துண்டு இருந்தது. துண்டுக்குள் விரல் இல்லை.

தையல் பிரித்த பிறகு மறுபடி வள மையம். இந்த முறை பொன்னாயியும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். முத்தமிழ் மஞ்சுவைக் கோட்டில் நிறுத்தினாள்.

"வாடா தங்கம், நட. நல்லாத்தானே நடந்தியாம்?"

மஞ்சு நின்றாள். முத்தமிழைப் பார்த்தாள். பிறகு அவள் சுடிதார் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்து, முத்தமிழின் கைமேல் ஒழுங்காகப் போர்த்தினாள். தன் கையை அடியில் விட்டாள். சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். ஒரு அழுத்து. முத்தமிழ் ஒன்றும் செய்யவில்லை. சொல்லிக்கொடுக்கிற மாதிரி மறுபடி ஒரு அழுத்து அழுத்தி, வலது காலை எடுத்து வைத்தாள். இரண்டு அழுத்து. இடது கால். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, சந்தையில் அப்பன் நிற்கிற மாதிரியே எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள்.

முத்தமிழ் பாதியில் நின்றுவிட்டாள். துப்பட்டாவைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் செல்லமுத்துவைப் பார்த்தாள்.

"இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

வாயால் வயிறு வளர்க்கிறவன் தோள்துண்டை இழுத்து அக்குளில் சுருட்டிக்கொண்டான்.

"டீச்சர் வந்தன்னிக்கும் இதானா?"

"...ஆமாங்க மேடம்."

முத்தமிழ் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்கு அதற்கும் தெம்பு இல்லை. "பஸ்ஸுல நின்னுக்கிட்டே வரேண்ணே," என்றாள். "ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி. ஒரு எடத்துல செய்யவே மாட்டாங்க. ஒரு எடத்துல செஞ்சேன்னு பொய் சொல்லுவாங்க. நீங்க தெனம் செஞ்சிருக்கீங்க. தெனம் செஞ்சு, விரலப் புடிக்கறதுக்குல்ல பழக்கியிருக்கீங்க! விரல் நுனி பட்டாலே போதும், உடம்பு அதுமேல சாஞ்சுக்கும். எனக்கே அப்புடித்தான். அதனாலதான் கையக் குடுக்காதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன்."

பொன்னாயி மஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ்ஸில் பிள்ளையோடு வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"சந்தையில நொண்டி மாட்ட விக்கற மாதிரி எம்புள்ளய வித்துட்டு வந்திருக்க."

"உனக்காகத்தாண்டி..."

"எனக்காகவா? நான் கேட்டனா? நீ விக்கற மாடு ஏமாத்துச்சுன்னா வாங்கினவன் திரும்பக் கொண்டாந்து கட்டிட்டு உன்னயத் திட்டிட்டுப் போவான். இவளத் திரும்பக் கொண்டாந்து வுட்டா எங்கய்யா கட்டுவ? என் இடுப்புலதான கட்டணும்?"

"ஒரு வருசமாச்சும் நீ நிம்மதியா இருப்பன்னு..."

"ஏழு நாளு இருந்தேன். அதுவும் இல்லாமலே இருந்திருக்கலாம். எப்புடி இருக்கும்னு தெரியாமலே போயிருக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சே."



ஆடிக்காற்று அந்தப் பக்கத்தில் ஆளையே தள்ளும். காய்ந்த கரம்பை மண்ணில் புழுதி கிளம்பிக் கண்ணைத் திறக்க விடாது. அந்தக் காற்றில்தான் மறுபடி கோடு கிழித்தான். இந்த முறை தோளில் துண்டு இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மஞ்சு நிற்க மறுத்தாள். கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு மண்ணைக் கிள்ளி எறிந்தாள். நடந்து பழகியிருந்த கொஞ்சமும் போய்விட்டது. "வேணாம்," என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் திருத்தமாகச் சொல்வாள்.

ஒரு வாரம் இப்படியே போனது. முத்தமிழிடம் போய் நின்றான்.

"துண்ட மறைச்சாலும் அவ அதைத்தான் தேடறா மேடம்."

"மறைக்காதீங்கண்ணே. எட்டத்துல வெய்ங்க. புடிச்சுக்கிட்டு நடக்க வேணாம். அதைப் புடிக்க நடந்து வரட்டும்."

அது அவனுக்கு உடனே விளங்கியது. பேரத்துக்கு ஆளைக் கூப்பிடுவதுதானே!

கோட்டின் ஒரு முனையில் மஞ்சு. கொஞ்சம் தள்ளி அவன் குந்தி உட்கார்ந்து, தன் கைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நல்ல மாடு. மடி பெருத்த மாடு. வெல பேசறவங்க பேசலாம். எவளாச்சும் வரியா? நேரமாவுது, நான் கெளம்பறேன்."

மஞ்சு சிரித்தாள். துண்டைப் பார்த்தாள். ஒரு எட்டு வைத்து, ஆடி, விழுந்தாள். அவன் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல மாடு," என்றான். பொன்னாயி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தவள் பாதியில் நின்றாள். மஞ்சு கையை ஊன்றி எழுந்தாள். கையை விரித்துக்கொண்டு, காற்றை ஒரு பக்கம் சாய்ந்து தாங்கிக்கொண்டு, தடதடவென்று வந்து துண்டுக்குள் கையை நுழைத்தாள். அவன் அவள் விரலைப் பிடித்தான். அவள் அவன் விரலை நெரித்தாள். பேரம் பலமாக நடந்தது. துண்டை எடுத்தான். வியாபாரம் படிந்ததற்குப் பிள்ளை கைகொட்டினாள்.

அப்புறம் தூரம் கூடியது. வைக்கோல் மெத்தைமேல் நின்று பேரம். வாசல்படி ஏறிப் பேரம். ஒற்றைக் காலில் நிற்கிறவளுக்குத்தான் மாடு என்று ஒரு நாள். சில நாள் நன்றாக வந்தாள். சில நாள் கிட்டத்தில் வந்தும் விழுந்தாள். சில நாள் நாலு மணிக்கே தூங்கிவிட்டாள். பொன்னாயி அவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் அவன் சந்தையிலிருந்து வர நேரமானால், அரிவாள் கையைக்கூடக் கழுவாமல் அவளே முந்தானையைக் கைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "மாடு வேணுமாடி, மாடு?" என்று கேட்டதைத் தெருவில் வரும்போதே அவன் கேட்டான். அவளுக்குப் பேரம் பேசவே வராது. பிள்ளை விரலைப் பிடித்த உடனே மாட்டைக் கொடுத்துவிடுவாள்.

ஆவணியில் வெங்காயம் வந்துவிட்டது. வாசல் முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒற்றையடிப் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் சாக்கடைமேல் ஒரு கல் பலகை. அதைத் தாண்டினால் ரோடு. காலையில் வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பாக்யலட்சுமி டீச்சர் இறங்கினார். செல்லமுத்துவின் தோளைத்தான் முதலில் பார்த்தார்.

"துண்டு?"

"உள்ள கெடக்குங்க." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேனின் முன்பக்கமாகத் தள்ளிப் போய் நின்றான். அன்றைக்கு டீச்சரிடம் ஊர் விசாரிக்கவில்லை.

பொன்னாயி வாசலில் மஞ்சுவின் கையை விட்டாள். விட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சு வெங்காயத்துக்கு நடுவே நடந்தாள். வழியில் கோழி ஒன்று குறுக்கே ஓடியது. "மே," என்று நின்று பார்த்தாள். ஆடினாள். செல்லமுத்துவின் முதுகுக்குப் பின்னால் அவன் வலது கை, அவன் இடது கையின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. ஒரு அழுத்து. இரண்டு அழுத்து. யாருக்கும் தெரியவில்லை; மஞ்சுவுக்கும் தெரியாது. அவள் கைகளை அகலமாக விரித்தாள், சாய்ந்த பக்கத்திலிருந்து தானே நிமிர்ந்தாள், கல் பலகைமேல் குதிகாலை வைத்தாள். தாண்டினாள்.

வேன் படி உயரமாக இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி தூக்கினாள். ஆயா கையை நீட்டப் போனாள். டீச்சர் வேண்டாம் என்று கண் காட்டினார். மஞ்சு யோசித்தாள். அப்புறம் திரும்பி, படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே பின்புறமாக நகர்ந்து மேல்படிக்கு ஏறி, கம்பியைப் பிடித்து எழுந்து, தன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இளவரசன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். "உக்காந்து ஏறினாலும் ஏறினதுதானேங்க டீச்சர்?"

டீச்சர் சீட்டில் உட்கார்ந்திருந்த மஞ்சுவை எட்டிப் பார்த்தார். பிறகு ஏறிக் கதவைச் சாத்தினார். "வண்டிய எடுங்க. நேரமாச்சு."

புழுதி அடங்கிய பிறகும் செல்லமுத்து ரொம்ப நேரம் ரோட்டிலேயே நின்றான். சுண்டுவிரல் வலித்தது. உள்ளே வந்தபோது பொன்னாயி வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில், தாள் அறுக்கிற அரிவாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே சாக்கு மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இடுப்பில் சேலைக் கிழிசல் அப்படியே முடிந்திருந்தது. மறு நுனி தரையில் கிடந்தது. அவள் முகத்தில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

போன் அடித்தது. எழுப்பிவிடப் போகிறது என்று அவசரமாக எடுத்தான். சந்தையிலிருந்து கூட்டாளித் தரகர் வைத்திலிங்கம்.

"எங்கடா இருக்க செல்லமுத்து? திருமானூர் ஆளு வந்து காத்துக்கிட்டிருக்காரு. நல்ல சோடி மாடு."

"வரேன்ணே," என்றான் மெதுவாக. உள்ளே போய்ப் பச்சைக்கரைத் துண்டை எடுத்துவந்து, பட்டறை மூங்கிலிலும் மூட்டையிலுமாகச் செருகி, அவள் முகத்துக்கு நிழல் கட்டினான்.

"என்னாடா குசுகுசுன்னு பேசற? சீக்கிரம் துண்டத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வா."

"துண்டுக்கு இன்னிக்கு வேற சோலி இருக்குண்ணே. வாயாலயே பேசிக்கறேன்."

"வாயாலயா? ஊருக்கே கேக்குமேடா!"

"கேக்கட்டும்ணே," என்றான்.